எம். ஜே. கோபாலன்: இரண்டு ஆட்டங்களின் வீரர்

எம். ஜே. கோபாலன் (மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன், 6 ஜூன் 1909 – 21 டிசம்பர் 2003) கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டு ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடிய சென்னை வீரர். வலதுகை வேகப்பந்து வீச்சாளர். ஹாக்கியில் சென்டர் ஹாஃப். ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் பந்தை வீசியவர் இவரே. ஆனால் விளையாட்டு வரலாற்றில் இவருடைய பெயர் அடிக்கடி பேசப்படுவது 1936-ஆம் ஆண்டில் எடுத்த ஒரு முடிவுக்காக. அந்த ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்குப் புறப்படும் இந்திய ஹாக்கி அணிக்கும், இங்கிலாந்துக்குப் புறப்படும் இந்திய கிரிக்கெட் அணிக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை கோபாலனுக்கு வந்தது. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

மொறப்பாக்கத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு

கோபாலன் பிறந்தது சென்னைக்குத் தெற்கே செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மொறப்பாக்கம் கிராமத்தில். பெயரின் முதலெழுத்தில் நிற்பது அந்த ஊர்தான். பிறகு சென்னையில் திருவல்லிக்கேணி அவருடைய இடமாயிற்று. சென்னை மாகாணத்தின் விளையாட்டு அப்போது பெரும்பாலும் தலைநகரைச் சுற்றியே இருந்தது. செங்கல்பட்டிலோ திருவண்ணாமலையிலோ ஒரு பையன் எவ்வளவு வேகமாகப் பந்து வீசினாலும், அது பெரிய ஆட்டமாக வேண்டுமென்றால் அவன் சேப்பாக்கத்துக்கு வந்து சேர வேண்டும். திருவல்லிக்கேணியிலிருந்து சேப்பாக்கம் நடக்கும் தொலைவு.

ஆனால் சேப்பாக்கத்தின் வாசல் எல்லாருக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கவில்லை. அந்த மைதானம் 1846-இல் ஆங்கிலேயர்கள் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் வசம் இருந்தது. இந்தியர்களுக்கு அதில் உறுப்பினர் இடம் இல்லை. இதற்கு விடையாகத்தான் எம். புச்சிபாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையே ஒரு போட்டி நடத்த வேண்டும் என்பதும் அவருடைய முயற்சி. 1908-இல் அந்தப் போட்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அது நடப்பதற்கு முன்பே அவர் இறந்தார். பின்னாளில் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் நடந்த மாகாணப் போட்டி அதிலிருந்து வளர்ந்தது. ரஞ்சிக் கோப்பை வரும்வரை சென்னை ரசிகர்களுக்கு ஆண்டின் பெரிய ஆட்டம் அதுவே. இளைஞர் கோபாலன் முதல்தர கிரிக்கெட்டில் கால் வைத்ததும் 1920-களின் பிற்பகுதியில் இந்தப் போட்டியில்தான்.

ஜான்ஸ்டனும் பர்மா ஷெல்லும்

கோபாலனைக் கண்டெடுத்தவர் சி. பி. ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் கென்ட் அணிக்கும் ஆடியவர். சென்னையில் ஐரோப்பியர் அணியின் முன்னணி மட்டையாளர். அதாவது பொங்கல் போட்டியில் எதிரணிக்காரர். கோபாலனின் வேகம் அவரைக் கவர்ந்தது. எண்ணெய் நிறுவனமான பர்மா ஷெல்லில் வேலை பெற்றுத் தந்ததும், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் சேர வழி செய்ததும் ஜான்ஸ்டனே.

இந்த வேலை எவ்வளவு முக்கியமானது என்பதை இன்றைய வாசகர் எளிதில் உணர முடியாது. 1930-களில் இந்தியாவில் கிரிக்கெட் ஆடி வயிறு வளர்ப்பது அரிது. ஆட்டக்காரருக்கு மூன்று வழிகள் இருந்தன: குடும்பச் சொத்து, ஒரு மகாராஜாவின் ஆதரவு, அல்லது விளையாட விடுப்புத் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. பாட்டியாலாவையும் ஹோல்கரையும் போலப் பணத்தைக் கொட்டிக் கிரிக்கெட் அணி வளர்த்த அரண்மனை சென்னையில் இல்லை. ஆகவே இங்கே மூன்றாவது வழிதான் மிஞ்சியது. கிரிக்கெட்டின் தாயகமான இங்கிலாந்திலேயே சம்பளத்துக்கு ஆடுபவர் வேறு, பொழுதுபோக்காக ஆடும் கனவான் வேறு என்ற பிரிவு 1962 வரை நீடித்தது. இருவருக்கும் உடை மாற்றும் அறைகள்கூடத் தனித்தனி. அமெரிக்காவில் நிலைமை வேறு. மெக்சிகோவில் பிறந்த மெல் அல்மாடா 1933-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் பேஸ்பால் ஆடப் போனபோது அது அவருக்கு முழுநேரச் சம்பள வேலை. அதே காலத்தில் இந்தியாவின் சிறந்த பந்துவீச்சாளரான ராஜ்கோட்டின் அமர் சிங், ஆட்டத்துக்குச் சம்பளம் பெற லங்காஷயர் லீக்கின் கோல்ன் கிளப் வரை போக வேண்டியிருந்தது. கோபாலன் பர்மா ஷெல் ஊழியராகவே இருந்து இரண்டு ஆட்டங்களையும் ஆடினார்.

நல்ல உயரமும் வலுவான உடலும் கொண்ட கோபாலன், பந்தை ஆடுகளத்தில் குத்தி வெளியே திருப்பும் லெக் கட்டரில் தேர்ந்தவர். 1930-31 பருவத்தில் விஜயநகரம் இளவரசர் விஜி திரட்டிய அணியுடன் இங்கிலாந்தின் ஜாக் ஹாப்ஸும் ஹெர்பர்ட் சட்கிளிஃபும் இந்தியா வந்தார்கள். உலகின் தலைசிறந்த தொடக்க ஆட்டக்காரரான ஹாப்ஸின் குச்சிகளை அந்த லெக் கட்டரால் சாய்த்தது கோபாலனின் பெயரை மாகாணத்துக்கு வெளியே கொண்டு சென்றது.

ஹாக்கிக்கு அவரை இழுத்துவந்தவர் ராபர்ட் சம்மர்ஹேய்ஸ் என்பவர். கிரிக்கெட் பருவம் முடிந்த மாதங்களில் உடலைத் தளரவிடாமல் வைத்துக்கொள்ளப் பலரும் ஹாக்கி ஆடுவது அக்காலச் சென்னையில் வழக்கம். கோபாலனுக்கு அது பக்க ஆட்டமாக நிற்கவில்லை. தாக்குதலுக்கும் தற்காப்புக்கும் நடுவே நின்று ஆட்டத்தின் இழையைக் கையில் வைத்திருக்க வேண்டிய சென்டர் ஹாஃப் இடத்தில் அவர் ஊன்றிக்கொண்டார்.

ஒரே ஒரு டெஸ்ட்

1933-34-இல் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியாவுக்கு வந்தது. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அது. கல்கத்தா ஈடன் தோட்டத்தில் 1934 ஜனவரி 5-ஆம் தேதி தொடங்கிய இரண்டாவது டெஸ்டில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது. முஷ்டாக் அலி, சி. எஸ். நாயுடு, திலாவர் ஹுசைன் ஆகியோருக்கும் அதுவே முதல் டெஸ்ட். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கோபாலன் எடுத்தது ஒரு விக்கெட். மட்டையைப் பிடித்து முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 11 ரன்னும், அடுத்ததில் 7 ரன்னும் சேர்த்தார்.

அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில் சேப்பாக்கத்தில். சென்னையில் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டம் அது. சொந்த ஊர்க்காரர், கல்கத்தாவில் ஆடியவர், மைதானத்தின் ஒவ்வொரு மேடுபள்ளமும் அறிந்தவர். ஆனாலும் அந்த ஆட்டத்தில் கோபாலன் இல்லை. இங்கிலாந்தின் ஹெட்லி வெரிட்டி 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, இந்தியா 202 ரன் வித்தியாசத்தில் தோற்றது. கோபாலனுக்கு அதன்பின் டெஸ்ட் வாய்ப்பு வரவே இல்லை. ஆனால் 1934-இல் இருந்தவர் எவருக்கும் அது தெரிந்திருக்க முடியாது. அப்போது அவருக்கு வயது 24.

ரஞ்சியின் முதல் பந்து

அதே ஆண்டு சேப்பாக்கத்தில் வேறொரு தொடக்கம் நிகழ்ந்தது. 1933-இல் மறைந்த ரஞ்சித்சிங்ஜியின் பெயரால் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் அளித்த கோப்பைக்காக மாகாணங்களும் சமஸ்தானங்களும் மோதும் போட்டி 1934 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கியது. முதல் ஆட்டம் மெட்ராசுக்கும் மைசூருக்கும். மைசூரின் என். கர்டிஸுக்குக் கோபாலன் வீசிய பந்துதான் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்து.

ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. இடையில் மெட்ராஸ் எடுத்த 130 ரன்னே இன்னிங்ஸ் வெற்றிக்குப் போதுமானதாக இருந்தது. 11 விக்கெட்டுகளை எடுத்து அன்று மைசூரைக் கவிழ்த்தவர் இடதுகைச் சுழல் வீச்சாளர் ஏ. ஜி. ராம் சிங். ராம் சிங்கும் கோபாலனும் அடுத்த பல ஆண்டுகள் மெட்ராஸ் பந்துவீச்சின் இரு தூண்களாக இருந்தார்கள். ராம் சிங்குக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பிற்காலத்தில் இந்தியாவுக்காக ஆடினார்கள். சென்னைக்காரர்களை வடக்கே உள்ள தேர்வாளர்கள் கண்டுகொள்வதில்லை என்ற மனக்குறை இங்கே வேர்விட்டதற்கு இத்தகைய கதைகளும் ஒரு காரணம்.

தியான் சந்துடன் நியூசிலாந்துக்கு

1935-இல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நீண்ட பயணம் போயிற்று. தலைவர் தியான் சந்த். 1928-இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற நாட்டின் அணி அது. அதில் சென்னைக்காரர் கோபாலனும் இருந்தார். வழியில் இலங்கையில் ஆடியவற்றையும் சேர்த்து 48 ஆட்டங்களில் இந்தியா 584 கோல்கள் போட்டது. தியான் சந்த் மட்டும் 201. எண்களைப் பார்த்தால் ஹாக்கி ஆட்டத்தின் கணக்கு என்றே தோன்றாது. அடிலெய்டில் தியான் சந்தைச் சந்தித்த டான் பிராட்மன், கிரிக்கெட்டில் ரன் குவிப்பதைப் போல இவர் கோல் குவிக்கிறாரே என்று வியந்ததாகச் சொல்வதுண்டு.

கோபாலன் அந்தப் பயணத்தில் 39 ஆட்டங்களில் ஆடினார். 48-இல் 39 என்பது ஒப்புக்குச் சேர்த்துக்கொண்ட ஆளின் எண்ணிக்கை அல்ல. முன்வரிசையில் தியான் சந்தும் அவர் தம்பி ரூப் சிங்கும் அடித்த கோல்களுக்குப் பின்னாலிருந்து பந்தை ஊட்டுவது அரைவரிசையின் வேலை. அந்த வரிசையில் அவர் தம் இடத்தை உறுதி செய்துகொண்டே ஊர் திரும்பினார்.

1936

இங்கிலாந்துப் பயணத்துக்கான கிரிக்கெட் அணி ஏப்ரலில் கப்பலேற வேண்டும், ஒலிம்பிக் ஆகஸ்டில். இரண்டிலும் கலந்துகொள்ள வழியில்லை. ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் ஹாக்கித் தேர்வு ஆட்டங்களுக்குப் போகாமல் கோபாலன் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து சென்றார்.

இன்று பார்ப்பவருக்கு இது புரியாத முடிவாகத் தோன்றும். ஹாக்கியில் இந்தியா உலகை வென்றிருந்த நாடு. பெர்லினிலும் தங்கம் கிடைக்கும் என்று பலரும் நம்பினார்கள். கிரிக்கெட்டிலோ 1932-இல் தொடங்கி இந்தியா அதுவரை ஒரு டெஸ்டைக்கூட வென்றதில்லை. ஆனால் கோபாலனின் இடத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. ஹாக்கியில் அவர் ஒரு பெரிய பயணத்தை முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கிரிக்கெட்டில் ஒரே ஒரு டெஸ்ட். அதுவும் பாதியில் நின்றுபோன கதை போல. வேலை வாங்கித் தந்தது கிரிக்கெட். லார்ட்ஸ் மைதானத்தில் பந்து வீசுவது அக்காலத்தில் எந்த இந்தியப் பந்துவீச்சாளருக்கும் வாழ்நாள் ஆசை. ஒலிம்பிக் பதக்கம் இன்று பெறும் மதிப்பை அன்று பெற்றிருக்கவுமில்லை. முடிவில் தவறு இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர் நம்பி ஏறிய கப்பல்தான் சரியில்லை.

அந்த கிரிக்கெட் அணியின் தலைவர் விஜி. ஆட்டத்திறத்தால் அல்ல, செல்வாக்கால் தலைமை பெற்றவர். மூன்று டெஸ்டுகளின் ஆறு இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தது மொத்தம் 33 ரன். அணி விஜியின் ஆட்கள், சி. கே. நாயுடுவின் ஆட்கள் என்று பிளந்து கிடந்தது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை, ஒழுங்கு மீறினார் என்று முதல் டெஸ்டுக்கு முன்பே தாயகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். இத்தகைய அணியில், யாருடைய முகாமிலும் பெரிய புள்ளியாக இல்லாத ஒரு சென்னைப் பந்துவீச்சாளரின் நிலையை ஊகிப்பது கடினமல்ல. நேர்மையாகச் சொன்னால், திறமைப் போட்டியும் கடுமையாகத்தான் இருந்தது: முகமது நிசாரும் அமர் சிங்கும் புதிய பந்தை வீசும்போது மூன்றாவது வேகத்துக்கு இடம் குறைவு. ஆனால் அந்த மூன்றாவது இடமும் வேறு வகையில் போயிற்று. கடைசி டெஸ்டில் பாகா ஜிலானி சேர்க்கப்பட்டார். காலை உணவு மேசையில் அவர் நாயுடுவை எல்லார் முன்னிலும் பழித்ததற்கு விஜி தந்த பரிசே அந்த இடம் என்ற கதை கிரிக்கெட் வட்டாரத்தில் இன்றும் உலவுகிறது. மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூடக் கோபாலன் களமிறங்கவில்லை.

தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். லண்டன் ஓவலில் அந்தக் கடைசி டெஸ்ட் தொடங்கியது 1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. பெர்லினில் ஹாக்கி இறுதி ஆட்டம் 14-ஆம் தேதி நடக்க வேண்டியது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய் அதுவும் 15-ஆம் தேதிக்கு வந்தது. அங்கே தியான் சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தி மூன்றாவது தங்கத்தை வென்றது. இங்கே ஓவலில் வாலி ஹாமண்ட் இரட்டைச் சதத்தை நோக்கி அடித்துக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டுவரை தியான் சந்தின் பின்னால் நின்று ஆடியவர், அன்று ஆடும் பதினொருவரில் இல்லாமல் இங்கிலாந்தில் இருந்தார். அந்த டெஸ்டை இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் இழந்தது.

அதே பயணத்தில் சென்னைக்காரர் இன்னொருவர் இருந்தார். புச்சிபாபுவின் மகன் கோட்டா ராமசாமி, 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர். 40 வயதில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி 40-உம் 60-உம் எடுத்தார். இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்காக ஆடிய இரு சென்னைக்காரர்கள் ஒரே கப்பலில் போனார்கள். ஒருவருக்கு வாசல் திறந்தது.

பிறகும் பதினைந்து ஆண்டுகள்

கோபாலன் மனம் கசந்து ஒதுங்கியதாகத் தெரியவில்லை. 1951-52 வரை மெட்ராசுக்காக ஆடினார். அணிக்குத் தலைமையும் ஏற்றார். இறுதியாட்டம் வரை போய் 1935-36-இல் பம்பாயிடமும் 1940-41-இல் மகாராஷ்டிரத்திடமும் தோற்ற அணி அது. இரண்டாம் உலகப்போரால் வெளிநாட்டுப் பயணங்கள் நின்றுபோக, அவருடைய நல்ல ஆண்டுகள் பலவும் உள்ளூர் மைதானங்களிலேயே கழிந்தன. மொத்தம் 78 முதல்தர ஆட்டங்களில் 194 விக்கெட்டுகள். ஒரு சதம் உட்பட ஏறக்குறைய 2,900 ரன்.

அவர் ஓய்வுபெற்ற அந்தப் பருவத்தில்தான், 1952 பிப்ரவரியில், இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இடம் சேப்பாக்கம். மூன்றாண்டு கழித்து 1954-55-இல் பாலு அளகண்ணன் தலைமையில் மெட்ராஸ் முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. முதல் பந்தை வீசியவர் அந்தக் கோப்பையை வென்ற அணியில் ஒருபோதும் இல்லை. 1950-களில் இந்திய அணித் தேர்வாளராகவும் கோபாலன் பணியாற்றினார்.

கோபாலன் கோப்பை

சென்னை மாகாணத்துக்காக அவர் கால் நூற்றாண்டு ஆடியதைச் சிறப்பித்து 1952-53-இல் மெட்ராசுக்கும் இலங்கைக்கும் இடையே எம். ஜே. கோபாலன் கோப்பைப் போட்டி தொடங்கப்பட்டது. பாக்கு நீரிணைக்கு இருபுறமும் மாறி மாறி நடந்தது. சென்னைக்கு இது பல போட்டிகளில் ஒன்று. இலங்கைக்கோ அப்படியல்ல. டெஸ்ட் தகுதி இல்லாத அந்நாட்டு வீரர்களுக்கு ஒழுங்காகக் கிடைத்த முதல்தர ஆட்டம் நெடுங்காலம் இதுவாகவே இருந்தது. கொழும்பின் பள்ளி, கிளப் ஆட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் வெளியூர்ப் பந்துவீச்சை எதிர்கொண்டு தம்மை அளந்துபார்த்த களம் இது.

1981-இல் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் இந்திய மண்ணில் அது ஆடிய முதல் டெஸ்டும் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. துலீப் மெண்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 அடிக்க, ஆட்டம் சமனில் முடிந்தது. கோபாலனுக்கு அப்போது வயது 73.

2003 அக்டோபர் இறுதியில் நியூசிலாந்தின் லிண்ட்சே வெயர் இறந்தபோது, உயிருடன் இருந்த டெஸ்ட் வீரர்களில் உலகிலேயே மூத்தவராகக் கோபாலன் ஆனார். ஏழு வாரங்களுக்குப் பிறகு, டிசம்பர் 21 அன்று, 94-ஆம் வயதில் சென்னையில் காலமானார்.